கருணைக்கிழங்கின் காட்டுச் சொந்தங்கள்

மலர் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன மல்லிகையும் முல்லையும் ரோஜாவும் தாமரையுமே. மணமும் மென்மையும் உள்ளதுதான் மலர் என்று நாம் முடிவு கட்டிவிட்டோம். ஆனால் செத்த எலியைப் போல நாறும் மலரும் இவ்வுலகில் உண்டு. அந்த மலரைத் தரும் செடியின் கிழங்கைத்தான் நாம் ஞாயிற்றுக்கிழமைகளில் வறுவலாகவும் மசியலாகவும் விரும்பி உண்கிறோம் என்றால் தோழியர் நம்புவீர்களா? சேனைக்கிழங்கு, கருணைக்கிழங்கு, சேப்பங்கிழங்கு ஆகியவை பிறந்த குடும்பத்தைப் பற்றியும், அக்குடும்பத்தில் யாரும் நடாமல், யாரும் நீர் ஊற்றாமல் காட்டிலும் மேட்டிலும் தாமாக வளரும் சொந்தங்களைப் பற்றியும், பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

குடும்ப அறிமுகம்

தாவரவியலார் இக்குடும்பத்தை 'ஏரேசி' என்பர். இது ஒருவித்திலைத் தாவரங்களைச் சேர்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட பேரினங்களும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களும் இதில் அடங்கும். பெரும்பாலானவை வெயிலும் மழையும் மிகுந்த வெப்பமண்டல நாடுகளில் வாழ்கின்றன.

இக்குடும்பத்தை அடையாளம் காண ஓர் எளிய வழி உண்டு. காற்றில் மெழுகுவத்தி அணையாமல் இருக்க நாம் ஒரு கையைக் குவித்து மறைத்துப் பிடிப்போம் அல்லவா? அந்த உருவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மெழுகுவத்தி இருக்கும் இடத்தில் சதைப்பற்றுள்ள ஒரு தண்டு நிற்கும். அதற்கு மடல் கதிர் என்று பெயர். குவித்த கை இருக்கும் இடத்தில் அகன்ற ஒரு மடல் அதைச் சுற்றி நிற்கும். நாம் 'ஒரு பூ' என்று நினைப்பது உண்மையில் ஒரு பூ அன்று. அந்தக் கதிரின் அடிப்பாகத்தில் மிகச் சிறிய பெண் பூக்கள் நூற்றுக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றுக்கு மேலே ஆண் பூக்கள் இருக்கும். அழகிய மடல் இதழும் அன்று. அது உருமாறிய ஓர் இலையே ஆகும்.

நாம் அறிந்த பல செடிகள் இக்குடும்பத்தவையே. தேவாலயப் பீடங்களை அலங்கரிக்கும் வெள்ளை நிற ஆரம் லில்லி தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. இன்று நீலகிரியிலும் கொடைக்கானலிலும் ஓடைக்கரைகளில் தானாகவே வளர்கிறது. பூங்கொத்துகளில் வைக்கும் சிவப்பு ஆந்தூரியமும் வீட்டு வாசலில் படரும் மணி பிளான்ட்டும் இதே குடும்பம். குளங்களில் மிதக்கும் ஆகாயத்தாமரையும் இதில் சேர்ந்ததே. நீலகிரி, கொடைக்கானல் சோலைகளில் மழைக்காலத்தில் நாகம் படம் எடுத்தாற்போல மடலை விரித்து நிற்கும் ஒரு செடியும் உண்டு. அதை ஆங்கிலேயர் 'கோப்ரா லில்லி' என்று அழைத்தனர்.

உருவத்திலும் இக்குடும்பம் வியப்பளிக்கிறது. உலகிலேயே மிகச் சிறிய பூக்கும் தாவரமான உல்ஃபியா, இன்றைய வகைப்பாட்டின்படி இக்குடும்பத்தில்தான் இருக்கிறது. குண்டூசியின் தலை அளவே உள்ள அது நீரின்மேல் பச்சை ரவை தூவினாற்போல மிதக்கும். மறுபுறம், உலகிலேயே மிகப் பெரிய கிளையற்ற மலர்க்கொத்தும் இக்குடும்பத்தில்தான் உண்டு. சுமத்ரா தீவின் காடுகளில் வளரும் டைட்டன் ஆரம் என்னும் அச்செடியை 1878ஆம் ஆண்டு இத்தாலியரான ஒடோர்டோ பெக்காரி கண்டறிந்து உலகிற்கு அறிவித்தார். 1889ஆம் ஆண்டு அது இலண்டன் கியூ தோட்டத்தில் மலர்ந்தது. அதன் மலர்க்கொத்து ஓர் ஆளைவிட உயரமாக வளரக்கூடியது. அந்த டைட்டன் ஆரமும் நம் சேனைக்கிழங்கும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த நெருங்கிய உறவினர்கள்!

காந்தி மார்க்கெட்டில்

இத்தனை புகழ் பெற்ற குடும்பத்தை நேரில் பார்க்க நாங்கள் சுமத்ராவுக்குப் போக வேண்டியிருக்கவில்லை. ஒரு சனிக்கிழமை காலை எங்கள் அறிவியல் ஆசிரியையுடன் காந்தி மார்க்கெட்டுக்குப் போனோம். மலைக்கோட்டையிலிருந்து நடந்து போகும் தொலைவில் உள்ள இந்த மார்க்கெட்டில் இரவெல்லாம் லாரிகள் காய்கறி மூட்டைகளை இறக்கும். நாங்கள் போன நேரத்தில் மொத்த வியாபாரம் முடிந்து சில்லறை வியாபாரம் சூடு பிடித்திருந்தது.

கிழங்குக் கடைகள் ஓரிடத்தில் வரிசையாக இருந்தன. மண் ஒட்டிய பெரிய பெரிய சேனைக்கிழங்குகள் குவிந்து கிடந்தன. யானையின் பாதத்தைப் போல அகன்றும் சொரசொரப்பாகவும் இருப்பதால்தான் ஆங்கிலத்தில் 'யானைக்கால் கிழங்கு' என்று பெயர் வைத்தனர் போலும்! பக்கத்தில் கைப்பிடிக்குள் அடங்கும் பிடிகருணையும், முடி முளைத்த சேப்பங்கிழங்கும் சாக்குகளில் இருந்தன. 'கிழங்கு' என்று நாம் சொன்னாலும் இவை வேர்கள் அல்ல. மண்ணுக்குள் பருத்த தண்டுகள். சேனையின் மேற்புறத்தில் நடுவே ஒரு குழியும் அதில் ஒரு முளையும் இருப்பதை நாங்கள் தொட்டுப் பார்த்தோம்.

கடையில் இருந்த பாட்டியிடம், "பாட்டி, சேனைக்குப் பூ பூக்குமா?" என்று கேட்டோம்.

"பூவா? இத்தனை வருசமா கிழங்கு விக்கிறேன், பூவைப் பார்த்ததில்லையே பாப்பா" என்று சிரித்தார். அடுத்த கடைக்காரர் மட்டும், "எங்க ஊர்ல கொல்லையில விட்டுப்போன கிழங்கு ஒண்ணு பூத்துச்சும்மா. எலி செத்துக் கிடக்குதுன்னு வீடு முழுக்கத் தேடினோம். கடைசியில பார்த்தா இந்தப் பூ!" என்றார்.

பாட்டி சொன்னதும் உண்மை, அவர் சொன்னதும் உண்மை. தமிழ்நாட்டில் சித்திரை, வைகாசியில் நட்ட சேனையை எட்டு, ஒன்பது மாதங்களில் தோண்டி எடுத்துவிடுகிறார்கள். பூப்பதற்குரிய பருவம் வரும் முன்பே கிழங்கு சந்தைக்கு வந்துவிடுகிறது. தோண்டாமல் விட்டால்தான் பூ. ஆகவே இச்செடியின் மலரை அறிய வேண்டுமானால் யாரும் தோண்டாத காட்டுச்செடியிடம்தான் நாம் பாடம் கேட்க வேண்டும்.

காட்டுச் செடியின் வாழ்க்கை

சேனையின் காட்டு வகையைக் காட்டுச்சேனை என்றும் காட்டுக்கருணை என்றும் கூறுவர். இதன் அறிவியல் பெயர் அமார்ஃபோஃபாலஸ் பியோனிஃபோலியஸ். வீட்டுச் சேனையும் இதே இனம்தான். ஆனால் காட்டில் வளர்வதன் காம்பு அதிகச் சொரசொரப்பாகவும் கிழங்கு அதிகக் காறலாகவும் இருக்கும். இதே பேரினத்தில் இன்னொரு காட்டுச் செடியும் உண்டு. அமார்ஃபோஃபாலஸ் சில்வாட்டிகஸ் என்னும் அந்தச் சிறிய, மெலிந்த செடி தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வளர்கிறது. சில்வாட்டிகஸ் என்றால் இலத்தீனில் 'காட்டைச் சேர்ந்தது' என்று பொருள்.

இச்செடிகள் ஆண்டின் ஒரு பகுதியை மண்ணுக்குள் உறங்கியே கழிக்கின்றன. வறட்சிக் காலத்தில் மேலே ஒன்றும் தெரியாது. கோடை மழை மண்ணை நனைத்ததும் கிழங்கு விழித்துக்கொள்கிறது. பூக்கும் அளவுக்குப் பருத்த கிழங்காக இருந்தால் முதலில் பூ வருகிறது. இல்லையென்றால் இலை வருகிறது.

இலை என்று நாங்கள் ஒருமையில் எழுதியது தவறன்று. ஒரு கிழங்கிலிருந்து பெரும்பாலும் ஒரு பருவத்திற்கு ஒரே ஓர் இலைதான்! புள்ளிகள் நிறைந்த, சிறு மரத்தின் அடிமரம் போலத் தோன்றுவது அந்த இலையின் காம்பு. அதன் உச்சியில் கிளைகளும் இலைகளும் போல விரிந்திருப்பது பலவாறு பிளவுபட்ட ஒரே இலையின் தகடு. குடை பிடித்தாற்போல நிற்கும் அந்த ஓர் இலை, மழைக்காலம் முழுவதும் சூரிய ஒளியில் உணவு சமைத்து, கீழே புதிய கிழங்கில் சேர்த்து வைக்கிறது. பழைய கிழங்கு சுருங்கிப் போகப் புதிய கிழங்கு அதன் இடத்தில் பருக்கிறது. மழை ஓய்ந்து ஈரம் குறைந்ததும் இலை மஞ்சளாகிச் சாய்ந்துவிடும். இப்படிப் பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேமித்த பிறகே அச்செடி ஒரு முறை பூக்கிறது. இலை நிற்கும்போது பூ இல்லை. பூ நிற்கும்போது இலை இல்லை. அதனால் இரண்டும் ஒரே செடி என்பதே பலருக்குத் தெரிவதில்லை.

நாற்றமும் ஒரு நன்மைக்கே

காட்டுச்சேனையின் மடல், மண்ணை ஒட்டிக் கவிழாத மணியைப் போல, கருஞ்சிவப்பு நிறத்தில் விரிகிறது. நடுவே நிற்கும் கதிரின் உச்சி, சுருக்கங்கள் நிறைந்து மூளையைப் போல உப்பியிருக்கும். மலர்ந்த முதல் நாள் பெண் பூக்கள் மகரந்தத்தை ஏற்கத் தயாராக இருக்கும். ஆண் பூக்கள் இன்னும் தயாராக இரா. அப்போதுதான் அந்த அழுகல் நாற்றம் வீசுகிறது. அழுகிய பொருள்களைத் தேடித் திரியும் வண்டுகள் ஏமாந்து வந்து மடலின் அடிக்குள் இறங்குகின்றன. வேறொரு பூவிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த மகரந்தம் அங்கே பெண் பூக்களின்மேல் உதிர்கிறது. மறுநாள் ஆண் பூக்கள் மகரந்தத்தைக் கொட்டுகின்றன. வண்டுகள் அதைப் பூசிக்கொண்டு வெளியேறி அடுத்த பூவை நாடுகின்றன. பெண் பூவும் ஆண் பூவும் ஒரே கதிரில் இருந்தும், காலத்தைப் பிரித்து வைத்ததால் தன் மகரந்தம் தன்மேலேயே விழுவது தவிர்க்கப்படுகிறது.

இன்னும் ஒரு வியப்பு, வெப்பம்! இக்குடும்பத்துச் செடிகள் பலவற்றின் மடல் கதிர் மலரும் நேரத்தில் சுற்றுப்புறத்தைவிடச் சூடாகிவிடும். 1778ஆம் ஆண்டே பிரெஞ்சு அறிஞர் லமார்க், ஆரம் என்னும் செடியின் கதிர் சூடாவதைக் குறிப்பிட்டார். சேமித்து வைத்த மாவுப்பொருளை வேகமாக எரித்துச் செடி இவ்வெப்பத்தை உண்டாக்குகிறது. சூட்டில் நாற்றம் விரைவாக ஆவியாகித் தொலைதூரம் பரவுகிறது. இதைத் தூண்டும் பொருள் சாலிசிலிக் அமிலம் என்பதை விஞ்ஞானிகள் 1987ஆம் ஆண்டு கண்டறிந்து வெளியிட்டனர். தலைவலிக்கு நாம் விழுங்கும் ஆஸ்பிரினுக்கு நெருங்கிய பொருள் அது!

கருவுற்ற பின் நாற்றம் நின்றுவிடுகிறது, மடல் வாடிவிடுகிறது. மண்ணை ஒட்டிக் குட்டையாக இருந்த பூக்காம்பு இப்போது உயரமாக நீண்டு, காய்களைத் தூக்கிப் பிடிக்கிறது. அவை பழுத்துச் சிவந்தவுடன் பறவைகள் கண்டு உண்டு விதைகளைப் பரப்புகின்றன. பூவுக்கு வண்டும் பழத்துக்குப் பறவையும் என்று, நகர முடியாத செடி இருவரை வேலைக்கு வைத்துக்கொண்டது எத்தகைய திறமை!

அரிப்பின் இரகசியம்

மார்க்கெட் பாட்டி எங்களுக்கு விடை கொடுக்கும்போது, "கையில நல்லெண்ணெய் தடவிக்கிட்டு அரிங்க பாப்பா. புளி ஊத்தி வேக வைக்கச் சொல்லுங்க. இல்லாட்டி நாக்கு காறும்" என்றார். இந்தக் காறல் எதனால் உண்டாகிறது?

இக்குடும்பத்துச் செடிகளின் இலை, காம்பு, கிழங்கு ஆகியவற்றில் உள்ள சில செல்களுக்குள் கால்சியம் ஆக்சலேட் என்னும் உப்பு ஊசி வடிவப் படிகங்களாக இருக்கிறது. தீப்பெட்டிக்குள் தீக்குச்சிகளை அடுக்கினாற்போல அவை கட்டுக்கட்டாக இருக்கும். நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் அவ்வளவு நுண்ணிய ஊசிகள். செடியைக் கடித்தாலோ நறுக்கினாலோ அந்தச் செல்கள் உடைந்து ஊசிகள் வெளிப்பட்டு, நாக்கிலும் தொண்டையிலும் தோலிலும் குத்துகின்றன. ஊசி மட்டுமன்றி, அதனுடன் சேர்ந்துள்ள புரதப் பொருளும் எரிச்சலை மிகுவிக்கிறது என்று சேம்பைப் பற்றிய ஆராய்ச்சிகள் கூறுகின்றன. நன்றாக வேக வைத்தால் காறல் குறைவதற்கு, சூட்டில் அப்புரதம் கெட்டுவிடுவதே காரணம் என்று கருதுகிறார்கள். கொதிநீரில் படிகம் எளிதில் கரைவதில்லை.

முள் இல்லாத, ஓட முடியாத, கூப்பிட்டு அழ முடியாத ஒரு செடி, தன் சேமிப்பைப் பன்றியும் எலியும் தின்றுவிடாமல் காக்க வைத்திருக்கும் காவலே இந்த ஊசிகள். நம் முன்னோர்க்கு நுண்ணோக்கி இல்லை. ஆயினும் அரிசி கழுவிய நீரில் ஊற வைப்பதும், புளி சேர்ப்பதும், வெந்த நீரை வடித்துக் கொட்டுவதும், பழைய கிழங்காகப் பார்த்து வாங்குவதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சித்த மருத்துவத்தில் மூலநோய்க்குக் கருணைக்கிழங்கு லேகியம் செய்யவும் அறிந்திருந்தனர். தொண்டையில் காறும் கிழங்குக்குக் 'கருணை' என்று பெயர் அமைந்திருப்பதை நினைத்து நாங்கள் சிரித்தோம். பக்குவம் தெரிந்தவரிடம் அது கருணை காட்டுகிறது என்று எங்களுள் ஒருத்தி பொருள் கூறினாள்.

நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் வசம்பையும் இங்கே சொல்ல வேண்டும். 'பிள்ளை வளர்ப்பான்' என்றும் 'பேர் சொல்லா மருந்து' என்றும் பாட்டிமார் அழைக்கும் வசம்பு, முன்பு இக்குடும்பத்தில்தான் வைக்கப்பட்டிருந்தது. அதிலும் கதிர் போன்ற மஞ்சரி உண்டு. ஆனால் அதில் இந்த ஊசிப் படிகங்கள் இல்லை. வேறு பல வேறுபாடுகளும் தெரிந்தபின் அதைத் தனிக் குடும்பமாகப் பிரித்துவிட்டனர். தோற்றத்தை மட்டும் பார்த்து உறவு சொல்லிவிடக் கூடாது என்பதற்கு வசம்பு ஒரு சான்று.

நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டியவை

இவ்வளவு படித்த பின் ஓர் உண்மை எங்களுக்குப் புரிந்தது. ஆபத்து காட்டில் மட்டும் இல்லை. வீட்டு வராந்தாவிலும் இருக்கிறது. அழகுக்காகத் தொட்டியில் வளர்க்கும் டைபன்பாக்கியா என்னும் செடியும் இக்குடும்பமே. வெள்ளைத் திட்டுகள் கொண்ட அதன் அகன்ற இலையைக் கடித்தால் நாக்கும் உதடும் வீங்கிப் பேச முடியாமல்கூடப் போகும். ஆங்கிலத்தில் அதற்கு 'ஊமைக் கரும்பு' என்று பொருள்படும் பெயர் இருப்பது அதனால்தான். மணி பிளான்ட் இலையிலும் இதே ஊசிகள் உண்டு. தவழும் தம்பி தங்கையர் உள்ள வீட்டில் இத்தொட்டிகளை எட்டாத உயரத்தில் வைக்கவேண்டும்.

சிறு குழந்தை இவ்விலைகளைக் கடித்துவிட்டால் வாயில் உள்ளதைத் துடைத்து எடுத்து, வாயைக் கழுவி, குளிர்ந்த நீரோ பாலோ சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். வலிந்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வீக்கமோ மூச்சுத்திணறலோ இருந்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். சாறு கண்ணில் பட்டால் நிறைய நீர் விட்டுக் கழுவி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இன்னொன்று: வாய்க்கால் ஓரத்தில் யானைக் காதுபோல் இலை விரித்து நிற்பதெல்லாம் சமைக்கும் சேம்பு அன்று. கடையில் வாங்கிய கிழங்கையும், பெரியவர்கள் உறுதியாக அறிந்து தோண்டிய கிழங்கையும் தவிர வேறெதையும் உண்ணலாகாது. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் ஆக்சலேட் மிகுந்த இக்கிழங்குகளை உண்ணும் முன் மருத்துவரைக் கேட்பது நலம்.

காட்டுச் சொந்தம் நமக்கு எதற்கு?

'அரிக்கிறது, நாறுகிறது, தின்னவும் உதவாது. அது இருந்தால் என்ன, அழிந்தால் என்ன?' என்று கேட்பவர் உண்டு. அதற்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பசிபிக் பெருங்கடலில் சமோவா என்னும் தீவு நாடு இருக்கிறது. அங்குள்ள மக்களுக்குச் சேம்புதான், நமக்குச் சோறு போல. வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்து அவர்கள் பணம் ஈட்டியதும் அதனால்தான். 1993ஆம் ஆண்டு இலைக்கருகல் நோய் அத்தீவுக்குள் புகுந்தது. விவசாயிகள் பெரும்பாலும் ஒரே வகைச் சேம்பையே நட்டிருந்ததால், எல்லா வயல்களும் ஏறக்குறைய ஒன்றாகவே வீழ்ந்தன. உணவும் போயிற்று, வருமானமும் போயிற்று. பிறகு பலாவ், பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் நோயைத் தாங்கும் வேறு வகைகளைக் கொண்டுவந்து கலப்பினம் செய்து, பல ஆண்டுகள் உழைத்தே அந்நாட்டினர் மீண்டனர். வேறு வகைகளே உலகில் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நம் சேனைக்கும் இது பொருந்தும். ஆந்திர மாநிலம் கொவ்வூரில் தேர்ந்தெடுக்கப்பட்ட 'கஜேந்திரா' என்னும் காறாத வகையைத்தான் இன்று பல மாநிலங்களில் பயிரிடுகிறார்கள். திருவனந்தபுரத்தில் 1963இல் தொடங்கப்பட்ட மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் 'ஸ்ரீ பத்மா' என்ற வகையை வெளியிட்டது. காறாத கிழங்கு நமக்கு நல்லதுதான். ஆனால் எல்லாரும் ஒன்றிரண்டு வகைகளையே நட்டால் சமோவாவின் கதை இங்கும் நடக்கலாம். அதனால்தான் அந்த ஆராய்ச்சி நிலையம் பல ஊர்களின் நாட்டு வகைகளையும் சேகரித்துக் காக்கிறது. மனிதன் தன் நாவுக்காகக் காறலைக் குறைத்துக்கொண்டே வந்தான். காட்டுச்செடியோ தன் பழைய குணங்களை விடாமல் வைத்திருக்கிறது. நோயையும் வறட்சியையும் தாங்கும் ஆற்றல் வேண்டும் என்று நாளை தேடும்போது அந்தக் காட்டுச் சொந்தத்தின் வாசலில்தான் நிற்க வேண்டியிருக்கும்.

நம் ஊரின் பெருமையொன்றையும் இங்கே நினைவுகூர்கிறோம். திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினாட் ஹெர்பேரியம் என்னும் உலர்தாவரக் காப்பகம் 1967ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. அதை நிறுவிய இயேசு சபைக் குரு கே. எம். மேத்யூ, தமிழகச் சமவெளிகளிலும் கிழக்கு மலைகளிலும் ஆண்டுக்கணக்கில் அலைந்து செடிகளைச் சேகரித்தார். அவற்றைக் கொண்டு 1981 முதல் 'தமிழ்நாடு கர்நாடிக் தாவரவளம்' என்று பொருள்படும் பெரிய நூல் தொகுதிகளை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அவர் 2004இல் மறைந்தார். காப்பகம் அவர் பணியைச் சொல்லி நிற்கிறது. கருணைக் குடும்பத்துச் செடிகளை உலர்த்திப் பாதுகாப்பது எளிதன்று. சதைப்பற்று மிகுதியால் தாளுக்கிடையே வைத்து அழுத்தினாலும் காயாமல் அழுகிவிடும். இலையும் பூவும் வேறு வேறு காலத்தில் வருவதால் ஒரே செடியைத் தேடி இரண்டு முறை போகவேண்டும். இதனால் பிற செடிகளைவிட இவற்றைச் சேகரிப்பவர் குறைவு. சேகரிக்கப்படாத செடி எங்கே இருந்தது என்றும் தெரியாது, எப்போது இல்லாமற் போனது என்றும் தெரியாது.

காவிரி நாட்டுக்கும் இக்குடும்பத்துக்கும் உள்ள உறவு புதிதன்று. சங்க நூலாகிய பட்டினப்பாலை, சோழநாட்டின் வளத்தைப் பாடும்போது தென்னை, வாழை, கமுகு, மஞ்சள், மா, பனை, இஞ்சி ஆகியவற்றோடு சேம்பையும் சேர்த்தே சொல்கிறது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாகக் காவிரி நீர் குடித்து வளரும் செடி அது! ஆனால் மேடுகள் வீட்டு மனைகளாகவும், வாய்க்கால் கரைகள் சிமெண்டுச் சுவர்களாகவும் மாறும்போது, மண்ணுக்குள் உறங்கும் கிழங்கை யாரும் கேட்டுவிட்டு மண் வாருவதில்லை. மேலே இலை இல்லாத மாதத்தில் அங்கே ஒரு செடி இருந்தது என்பதே யாருக்கும் தெரியாது.

முடிவுரை

தோழியரே! நாம் செய்யக்கூடியவை மூன்று உண்டு. முதலாவது, பார்க்கப் பழகுவோம். கோடை மழை பெய்த வாரத்தில் பச்சைமலைக்கோ கொல்லிமலைக்கோ, பாட்டி வீட்டுத் தோப்புக்கோ போனால் தரையைக் கவனியுங்கள். புள்ளிக் காம்புடன் குடை போல் ஓர் இலையோ, கருஞ்சிவப்பு மடலோ தென்பட்டால் இடத்தையும் நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, அதைப் பிடுங்க வேண்டாம். படம் வரைவோம், அல்லது படம் எடுப்போம். பல ஆண்டு சேமித்துப் பூத்த ஒன்றை நம் ஒரு நாள் வேடிக்கைக்காக அழிப்பது நியாயமன்று. மூன்றாவது, நம் பாட்டிமாரிடமும் கிழங்கு விற்பவர்களிடமும் கேட்டு எழுதி வைப்போம். எந்தக் கிழங்கு காறும், எதற்கு எந்தப் பக்குவம் என்பது அவர்கள் கைகளில் இருக்கும் பாடம். அவர்களுக்குப் பின் அதைச் சொல்ல ஆள் இராது.

மணக்கும் மலர்களை எல்லாரும் காப்பர். மணக்காத மலரையும் காப்பவரே செடிகளை உண்மையில் அறிந்தவர் எனலாம். அடுத்த முறை காந்தி மார்க்கெட்டில் அம்மாவுடன் கிழங்குக் கடை முன் நிற்கும்போது, அந்த மண் ஒட்டிய கிழங்கின் நடுவே உள்ள முளையைச் சற்றே உற்றுப் பாருங்கள். யாரும் தோண்டாமல் விட்டிருந்தால் மலர்ந்திருக்கக் கூடிய ஒரு பூ அதற்குள் இருக்கிறது.